பொண்ணுக்கு ஏத்த பிராஞ்ச்

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மவுசு கூடிவிடும். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் ‘இன்ஜினியரிங் காலேஜ் மேடம்’ என்றால் நான்தான். ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். பிளஸ் டூ மார்க் ஷீட், ரேங்க் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு, கூடவே பெண்ணோ பையனோ, பின்னால் அப்பா, அம்மா, சில சமயம் தாய்மாமன் என்று ஒரு படையே வரும். கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரியை, எந்த பிராஞ்சை, எந்த வரிசையில் போடுவது என்று லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பட்டியல் தயாரிப்போம். காபிச் செலவு என்னுடையது.

பையனுக்குப் பட்டியல் போடும்போது பேச்சு முழுக்க பீஸ், பிளேஸ்மென்ட், சம்பளம் என்றுதான் ஓடும். பெண்ணுக்குப் போட உட்கார்ந்தால் அதே ஆட்கள் பஸ், ஹாஸ்டல், கல்யாணம் என்று பேசுவார்கள். மார்க் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்.

சமீபத்தில் புதுப்பட்டினத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்பாக்கத்தில் கான்ட்ராக்டில் வெல்டர். மகளுக்கு கட்-ஆஃப் 200க்கு 181. அரசுப் பள்ளி. உட்கார்ந்ததும் முதல் வார்த்தையே, “மெக்கானிக்கல் மட்டும் வேணாம் மேடம்” என்றார்.

“ஏண்ணே, நீங்களே வெல்டர்தானே?”

“அதனாலதான் மேடம் சொல்றேன். சைட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பொண்ணுக்கு ஏத்த எடம் இல்ல. ஐடி, இசிஇ, அந்த மாதிரி பாத்துப் போட்டுடுங்க.”

“மிஸ், எனக்கு…” என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரும்மா. மேடம் பாத்துக்குவாங்க.”

மேடமே மெக்கானிக்கல்தான் என்பது அவருக்குத் தெரியும். சொல்லிக்காட்டினால், “நீங்க காலேஜ்ல இருக்கீங்க மேடம், அது வேற” என்பார். எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர் ஒரு இடத்திலும் ‘பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு’ என்று கேட்கவில்லை. அவளால் முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கெல்லாம் இன்று எங்கள் பக்கத்தில் மரியாதை கிடையாது. 2024 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாட்டு மாணவிகள் 96.44 சதவீதம் தேர்ச்சி, மாணவர்கள் 92.37. வருஷா வருஷம் இதே கதைதான். பணம் இல்லை என்ற காரணமும் பழையபடி பலமாக இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. ஆக மார்க் இருக்கிறது, பணத்துக்கும் வழி இருக்கிறது. கடைசியில் குறுக்கே நிற்பது ‘பொண்ணுக்கு ஏத்தது’ ஒன்றுதான்.

இந்திய அளவிலான கணக்கிலும் இது தெரிகிறது. 2021-22 உயர்கல்வி ஆய்வின்படி அறிவியல் படிப்புகளில் பாதிக்கு மேல், சுமார் 52 சதவீதம், பெண்கள். பொறியியலில் சுமார் 29 சதவீதம். அதே பிளஸ் டூ, அதே கணக்கு, அதே பிசிக்ஸ் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான். பி.எஸ்சி. என்றால் போகட்டும் என்கிறோம், பி.இ. என்றால் யோசிக்கிறோம், பி.இ. மெக்கானிக்கல் என்றால் தாய்மாமனைக் கூப்பிடுகிறோம்.

எந்தப் படிப்பு பெண்ணுக்கு ஏற்றது என்று யார் முடிவு பண்ணியது? இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அ. லலிதா நினைவுக்கு வருவார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிற அதே லலிதாதான். 1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கணவரைப் பறிகொடுத்தார், அப்போது கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்து விதவைக்கு என்னென்ன எழுதி வைத்திருந்தார்களோ அதில் எதையும் ஏற்காமல் மேலே படிக்கத் தீர்மானித்தார். அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி, மகளுக்கு இடம் வாங்கினார். 1943இல் லலிதா பட்டம் பெற்றபோது, அச்சடித்த சான்றிதழில் இருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லை எழுதிக் கொடுத்தார்களாம். எல்லோரும் இதைத்தான் சிலாகித்து ஃபார்வர்ட் பண்ணுவார்கள்.

எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, அவர் ஏன் பொறியியலைப் பிடித்தார் என்பது. பெண்கள் மருத்துவம் படிப்பது அப்போது புதிதில்லை. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் டாக்டர் என்றால் நடுராத்திரியில் அழைப்பு வரும், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். பொறியாளர் என்றால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். குழந்தை உள்ள பெண்ணுக்கு இன்ஜினியரிங்தான் தோது என்று அவர் கணக்குப் போட்டார். இன்றைக்கு என் திண்ணையில் உட்காரும் அப்பாக்கள் போடும் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். நீட் எழுதி டாக்டர் ஆனால் பொண்ணுக்குப் பாதுகாப்பு, மெக்கானிக்கல் என்றால் ராத்திரி ஷிப்ட் என்கிறார்கள். இரண்டு தரப்புமே பெண்ணுடைய நலனைத்தான் யோசித்தது, அதில் சந்தேகம் இல்லை.

லலிதா கதையில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண்ணாக இருப்பது பெரிய தனிமை. அதனால் பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் கொடுக்க அவருடைய அப்பா ஏற்பாடு பண்ணினார். அடுத்த வருஷமே லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில், 1971இல், கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ரோடும் பாலமும் போடுகிற வேலை, அதாவது இன்று நாம் ‘சைட் வேலை’ என்று பெண்களிடமிருந்து தள்ளி வைக்கிற அதே வேலை. லலிதாவோ பட்டம் வாங்கிய கையோடு ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி எடுத்தார், பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் பல வருஷம் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்திப் பாதை வடிவமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு.

கடல் தாண்டிப் போனால் இந்தத் தலைகீழ் இன்னும் வேடிக்கை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நம்மூரில் பெண்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பிராஞ்ச். ஏசி ரூம், உட்கார்ந்து பார்க்கிற வேலை, கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் அங்கே ஒரு கம்பெனி இருக்கும். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் எழுதியது ஆறு பெண்கள். 1980களின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பெண்கள். அதற்குப் பிறகு அது பையன்களின் படிப்பு என்று ஆகி, ஒரு கட்டத்தில் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே கம்ப்யூட்டர், அதே கீபோர்டு. அங்கே ‘பொண்ணுங்களுக்கு அது வராது’ என்கிறார்கள், இங்கே ‘பொண்ணுங்களுக்கு அதுதான் வரும்’ என்கிறார்கள். இரண்டு பேரும் இயற்கைதான் அப்படிப் படைத்திருக்கிறது என்று சாதிக்கிறார்கள்.

எங்கள் செங்கல்பட்டுக்கே வருகிறேன். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இந்த ஊரில்தான் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. தலைமை டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். பெண்ணின் கல்யாண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும், சொத்தில் ஆணுக்குச் சமமான உரிமை வேண்டும், எந்தத் தொழிலிலும் பெண்கள் நுழைய உரிமையும் வாய்ப்பும் வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். கிண்டியில் லலிதா கால் வைப்பதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னால், ஒரு சின்ன ஊரில். செங்கல்பட்டுக்காரர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய சங்கதி. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதே மாநாட்டில் இன்னொன்றும் வந்தது. ஆரம்பப் பள்ளிகளில் ஆசிரியர் வேலையைப் பெண்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது. அன்றைய நிலையில் அது புரட்சிதான். வாத்தியாராக ஒரு பெண் இருந்தால் பெண் குழந்தையைத் தைரியமாக அனுப்புவார்கள், படித்த பெண்ணுக்கும் ஒரு சம்பளம் வரும். ஆனால் எந்தத் தொழிலுக்கும் போகலாம் என்ற பேச்சோடு சேர்ந்தே இந்த வேலைதான் பெண்ணுக்கு என்ற எண்ணமும் அன்றே வந்து உட்கார்ந்திருக்கிறது. எது எங்கள் ஊரில் வேர் பிடித்தது என்று கேட்டால், இரண்டாவதுதான். இன்றைக்கும் மெக்கானிக்கல் முடித்த பெண்ணிடம், “பேசாம பி.எட். முடிச்சிடேன், டீச்சர் வேலைன்னா ஈவினிங் நாலரைக்கு வீட்டுக்கு வந்துடலாம்” என்று ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. சொத்துரிமைத் தீர்மானம் சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அப்போதும் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆகிப்போன மகளுக்கு அந்தப் பங்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். எதைத் தொட்டாலும் கல்யாணத் தேதியில் வந்து நிற்கும்.

இப்போது கல்லூரிக்குள்ளே போவோம். இடம் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரட்டும்.

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப். கையளவு மைல்ட் ஸ்டீல் தகட்டை வைஸில் இறுக்கி, ஃபைல் போட்டு, ஓரத்தைச் சதுரமாக்க வேண்டும். ட்ரை ஸ்கொயரை ஓரத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், இடுக்கில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியும். அந்த இழை மறையும் வரைக்கும் தேய்க்க வேண்டும். இதற்குப் பலம் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலத்தோடு அழுத்துகிற பையன்கள்தான் ஓரத்தைக் கோணலாக்கிவிட்டு முழிப்பார்கள். தோளை அசைக்காமல் ஃபைலை மட்டமாக ஓட்டத் தெரிந்தால் போதும், அது கைப்பழக்கம். இரண்டு, மூன்று தகடு வீணாக்கினால் தானாக வரும்.

அந்த வீணாக்கும் பாக்கியம் பெண்களுக்குக் கிடைப்பதில்லை, சிக்கல் அங்கேதான். நான் படித்த காலத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்டர், கெட்ட மனிதர் இல்லை, “பொண்ணுங்க நோட்ல ப்ரொசீஜர் எழுதிக்கோங்கம்மா, பசங்க மெஷின்ல போடட்டும்” என்பார். கையில் கிரீஸ் படக்கூடாது என்ற கரிசனம். லேத்தில் ஒரு குழுவுக்கு ஒரு ஜாப் என்றால், சக் கீயை எடுப்பது பையன், டூலை செட் பண்ணுவது பையன், வெர்னியரில் அளந்து ரீடிங் எழுதுவது பெண். பரீட்சையில் பெண்ணுக்கு மார்க் வந்துவிடும், ரெக்கார்டு நோட்டும் முத்து முத்தாக இருக்கும். நாலு வருஷம் கழித்து கம்பெனி இன்டர்வியூவில் “இந்த ஜாப்பை எப்படி ஹோல்ட் பண்ணுவே?” என்று கேட்டால், படித்ததைச் சொல்வாள். பையன் செய்ததைச் சொல்வான். கேட்பவருக்கு அந்த வித்தியாசம் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்னும் பெரிய வித்தியாசம் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. காலேஜ் பஸ் கிளம்பிவிடும். ஹாஸ்டல் பெண்கள் இருட்டுவதற்குள் உள்ளே போய் கையெழுத்துப் போட வேண்டும். பையன்களுக்கு அந்த நேரக்கெடு கிடையாது, இருந்தாலும் வாட்ச்மேன் கண்டுகொள்ள மாட்டார். பாஹா மாதிரி மாணவர் வண்டிப் போட்டிகளுக்கு ஒரு ஃபிரேமை வெல்டிங் போட்டு எழுப்புகிறவர்கள் ராத்திரி பத்து, பதினொன்று வரை ஒர்க்‌ஷாப்பில்தான் கிடப்பார்கள். பரோட்டா வாங்கி வந்து தரையில் உட்கார்ந்து தின்றுகொண்டே கியர் ரேஷியோவுக்குச் சண்டை போடுவார்கள். ஒரு மெக்கானிக்கல் பையன் நிஜமாக மெக்கானிக்கல் படிப்பது அந்த நேரத்தில்தான் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்த டீமில் பெண்கள் இருந்தால் அவர்களுக்கு என்ன பொறுப்பு தெரியுமா? ஸ்பான்சர்ஷிப் லெட்டர், பட்ஜெட், பவர்பாயின்ட். மேடையில் அழகாகப் பேசுவார்கள். வண்டிக்கு அடியில் படுத்தவர்கள் வேறு. சிலபஸ் இரண்டு பேருக்கும் ஒன்று, ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கழிந்த மணி நேரம் ஒன்றில்லை.

இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னால், “பாதுகாப்பு மேடம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பாதுகாப்பு என்றால் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் நாலு லைட் போடலாம், ஒரு வேன் விடலாம், மெக்கானிக்கல் பிளாக்கிலேயே பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டலாம். இதெல்லாம் செலவு. பூட்டுப் போடுவது இலவசம்.

சட்டமும் ரொம்ப நாள் இதே ரூட்டில்தான் ஓடியது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. மூன்று ஷிப்ட் ஓடுகிற ஆலைக்காரன் கேம்பஸுக்கு வந்தால் பெண்ணை எடுப்பானா? எடுக்க மாட்டான். எடுக்க மாட்டான் என்று தெரிந்த அப்பா அந்த பிராஞ்சைப் போட விடுவாரா? மாட்டார். அதே சட்டத்தில் 22ஆம் பிரிவு, இயங்கிக்கொண்டிருக்கும் எந்திர பாகங்களைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ கூடாதவர்கள் என்று பெண்களையும், பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளையும் ஒரே வரியில் சேர்த்திருந்தது. இருபது வருஷ அனுபவம் உள்ள பெண் பொறியாளரும் பதினேழு வயதுப் பையனும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. இரவு வேலைத் தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லி, பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்துத் தடையை நீக்கியது. சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கக்கூடாது என்ற 1952ஆம் வருஷத்துத் தடை, தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாக வேலைகளுக்கு மட்டும் 2019இல் தளர்ந்தது.

பாதுகாப்பை எப்படி யோசிக்கலாம் என்பதற்குக் கல்பாக்கத்தையே காட்டலாம். கதிர்வீச்சுப் பகுதியில் வேலை பார்க்கிறவர்கள் சட்டையில் டிஎல்டி பேட்ஜ் என்று சின்னதாக ஒன்று குத்தியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அதை வைத்துத்தான் கணக்கெடுப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி ஒரு தொழிலாளிக்கு ஐந்து வருஷச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30க்கு மேல் போகக்கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஒரு பெண் தான் கர்ப்பமாக இருப்பதைத் தெரிவித்துவிட்டால், மிச்சமிருக்கும் மாதங்களில் வயிற்றில் உள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது என்று வரம்பு மாறும், அதற்கேற்ப வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆபத்து நிஜமானது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்று எண் போட்டு எழுதியிருக்கிறார்கள். பெண்ணே வேண்டாம் என்று எழுதவில்லை. நம் வீடுகளில் போடும் தடைக்கு மட்டும் அளவும் இல்லை, காலவரம்பும் இல்லை.

பலம் இல்லை, கஷ்டமான வேலை என்ற வாதத்தை நான் கேட்டாலே சிரிப்பேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் எந்தக் கட்டடத்தையாவது நின்று பாருங்கள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறுவது பெண். அவளுக்குச் சித்தாள் என்று பெயர். செங்கல்லை வாங்கி வைத்து, ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டுச் சுவர் எழுப்புவது ஆண். அவர் கொத்தனார். நாள் முழுக்க அதிக எடை சுமப்பது யார்? இருந்தும் பையன் சித்தாளாக வந்தால் சில வருஷத்தில் கரண்டியைப் பிடித்து கொத்தனார் ஆகிவிடுகிறான். பெண் சித்தாளாக வந்து, சித்தாளாகவே பேரன் எடுக்கிறாள். அவள் கையில் யாரும் ரசமட்டத்தைக் கொடுப்பதில்லை.

மாமல்லபுரத்துக் கல் பட்டறைகளிலும் இதையேதான் பார்க்கிறேன். அந்த ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. ரோட்டோரப் பட்டறைகளில் நான் பார்த்தவரை உளியும் கிரைண்டரும் ஆண்கள் கையில். பெண்கள் தண்ணீர் ஊற்றி, எமரி காகிதத்தால் மணிக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். சிலையின் கன்னத்தில் அந்த வழவழப்பு வருவது அவர்கள் கையால். இப்போது பாதி வேலையைக் கரண்டில் ஓடுகிற ஆங்கிள் கிரைண்டர் செய்துவிடுகிறது, சுத்தியலைத் தூக்கும் பலம் என்ற பழைய சாக்கும் செல்லாது. ஆனாலும் ஸ்விட்ச் அவர்கள் பக்கம் வரவில்லை.

விடியற்காலையில் எங்கள் கிராமங்களுக்குள் கம்பெனி வேன்கள் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகின்றன. மகேந்திரா சிட்டிக்கு, ஒரகடத்துக்கு, ஸ்ரீபெரும்புதூருக்கு. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். நாம் பெருமைப்படும் எண் அது, பெருமைப்படலாம். ஆனால் அசெம்பிளி லைனில் பெண்களை உட்கார வைக்கும்போது சொல்கிற காரணம் ‘விரல் நேர்த்தி, பொறுமை’. மெஷின் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்: “லைன்ல நாங்க அத்தனை பேரும் கையக் கட்டிக்கிட்டு நிப்போம் மிஸ். மெயின்டனன்ஸ் அண்ணா டூல் பாக்ஸோட வருவாரு. ஒரு சென்சர தொடச்சிட்டுப் போவாரு. அது எங்களுக்கே தெரியும், ஆனா நாங்க தொடக்கூடாது.” பெண்கள் எந்திரத்துக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறார்கள். டூல் பாக்ஸ்தான் வேறு கையில் இருக்கிறது.

முன்மாதிரிகளைக் காட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போய், ஆதித்யா எல்-1 திட்டத்துக்கே இயக்குநரான நிகார் ஷாஜியை நானும் வகுப்பில் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு முகம் மலரும். அப்பாக்களிடம் சொன்னால், “அது இஸ்ரோ மேடம், பெரிய எடம்” என்பார்கள். 2014இல் மங்கள்யான் வெற்றியின்போது மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடிய போட்டோ உலகமெல்லாம் சுற்றியதே, நினைவிருக்கிறதா? அதில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. பெண் விஞ்ஞானிகள் நிறையவே இருந்தார்கள், கேமராவில் சிக்கியவர்கள் வேறு. போட்டோவால் மனசு குளிரும். நாலரை மணி பஸ் அதனால் ஐந்து நிமிஷம்கூடத் தாமதமாகக் கிளம்பாது.

புதுப்பட்டினத்து வெல்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற பெண்ணின் அப்பாவுக்கு இருக்கும் பயம் கற்பனை இல்லை. அவர் வேலை பார்க்கும் சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பதும் குற்றமில்லை. இப்போது பையன்களே மெக்கானிக்கலை விட்டு ஓடுகிறார்கள், எங்கள் துறையில் காலி பெஞ்சுகள் உண்டு. சம்பளத்துக்காக எடுக்கிறாளா, பிடித்து எடுக்கிறாளா, இரண்டுமே நியாயம். நிழலில் இருக்கலாம் என்பதற்காக ஒரு வீடு முடிவு பண்ணி எடுக்க வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கோடிங்கே பிடிக்காமல் போனால், நாலு வருஷமும் ஏசி ரூமில் உட்கார்ந்து அழுவாள். அப்படி அழுகிறவர்களையும் பார்க்கிறேன்.

அதனால் பெற்றோரிடம் இப்போது நான் பிராஞ்சைப் பற்றி வாதாடுவதைக் குறைத்துக்கொண்டு, கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியதைச் சொல்லி அனுப்புகிறேன். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஒர்க்‌ஷாப்பும் லேபும் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், பெண்கள் எத்தனை மணி வரைக்கும் இருக்கலாம் என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். லேட் பஸ் உண்டா? மெக்கானிக்கல், சிவில் பிளாக்கில் பெண்கள் கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறதா, சாவி யாரிடம்? போன வருஷம் இந்தத் துறையில் படித்து முடித்த பெண்கள் எங்கே வேலைக்குப் போனார்கள், ஐடிக்கா, கோர் கம்பெனிக்கா? அட்மிஷன் ஆபீஸில் இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது, துறைத் தலைவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். உட்கார்ந்து காத்திருங்கள்.

சேர்ந்துவிட்ட பெண்களுக்கு ஒரு தகவல். முதல் வாரமே சேஃப்டி ஷூ கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் ஆறாம் நம்பருக்குக் கீழே வைத்திருக்க மாட்டார்கள், கேட்டால் “லேடீஸுக்கா?” என்று மேலும் கீழும் பார்ப்பார்கள். நாலு, அஞ்சு நம்பர் வேண்டுமென்றால் சேருவதற்கு முன்பே சொல்லி வரவழைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஷூவுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு மட்டும் லேத் பக்கத்தில் நிற்காதீர்கள், இடறும்.